அந்த எஞ்சினை யூட் மாற்றவில்லை

மகன்,

காரைப் பற்றிப் பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போவதாக நீ சொன்னபோது, "பொறு, ஒண்டும் குடுத்துப்போடாதை, நான் எழுதுறன்" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். நீ இரண்டு தரம் ஏன் என்று கேட்டாய். இருபத்திரண்டு வருடங்களாக இரசாயனவியல் படிப்பிக்கிறவள் நான். வகுப்பே சேர்ந்து கேள்வி கேட்டாலும் தடுமாறியதில்லை. உன் அந்த ஒரு கேள்விக்கு எனக்கு வாய் வரவில்லை. பதில் இதுதான். உன் காரின் எஞ்சினை மெக்கானிக் யூட் மாற்றவில்லை. நீ மாமாவிடமிருந்து அந்தக் காரை வாங்குவதற்கு முன்பே மாமா அதை மாற்றிவிட்டார். கார் எங்கள் வீட்டுக்கு வந்த கிழமையே எனக்கு அது தெரியும்.

இது உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனால் இதை மூடிய உறையில் உனக்கு மட்டும் அனுப்பினால் இன்னொரு பிழை செய்தவளாவேன். இதற்கு நேர்மாறான ஒன்றை நான் பதினைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த விறாந்தையில் சொன்னேன். அவர்கள் அதைத் தங்கள் தங்கள் வீடுகளுக்குக் கொண்டு போனார்கள். ஆகையால் இதன் ஒரு பிரதி மாமாவுக்கும், ஒரு பிரதி யூட்டுக்கும், ஒரு பிரதி எங்கள் வாசிகசாலைச் சஞ்சிகைக்கும் போகிறது. உன் கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அம்மா இப்படிச் செய்யலாமா என்று நீ கோபிக்கலாம். கோபித்துக்கொள். ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபி.

அந்தக் காரை நீ எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினாய் என்பது எனக்குத் தெரியும். இரண்டே கதவு, நிலத்தோடு ஒட்டிய உடம்பு, உன் வயதுக்குக் கிட்டத்தட்டச் சமமான வயது. அப்பா முதல்நாள் அதற்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டு எழும்ப முடியாமல் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "உது கார் இல்லை மகன், காலிலை போடுற சப்பாத்து" என்றார். நீ அதற்கும் பெருமையாகச் சிரித்தாய். அதே உடம்பில் இரண்டு வகை எஞ்சின் வந்தன என்பதை நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். ஒன்று, சாதாரணக் குடும்பக் காருக்கும் பூட்டுகிற எஞ்சின். மற்றது ஓட்டப் பந்தயத்துக்கென்றே வடிவமைத்தது, அதன் மேல்மூடி சிவப்பாக இருக்கும். "எங்கடை சிவப்பு மூடி அம்மா, அந்த எஞ்சின் இருக்கிற கார் யாழ்ப்பாணத்திலை வேறை ஒண்டும் இல்லை" என்றாய். சிநேகிதர்கள் வரும்போதெல்லாம் போனட்டைத் திறந்து காட்டுவாய். அப்போதெல்லாம் நான் குசினிக்குள் போய்விடுவேன். தேநீர் போடப் போவதாக நீ நினைத்திருப்பாய்.

நடந்தது இதுதான். காப்புறுதி எடுப்பதற்கு எஞ்சின் எண்ணின் பென்சில் அச்சு வேண்டும் என்றார்கள். நீ அந்தக் கிழமை கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தாய். நான் செய்கிறேன் என்றேன். செய்முறை வேலை என்றால் எனக்கு விருப்பம் என்பது உனக்குத் தெரியும். போனட்டைத் திறந்து, எஞ்சினின் அடிக்கட்டையில் இரும்பிலேயே அடித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்து, மெல்லிய கடுதாசியை மேலே பிடித்துப் பென்சிலால் தேய்த்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பின. முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அந்த எழுத்துகள்தான் எஞ்சின் எந்த வகை என்று சொல்பவை. பதிவுப் புத்தகத்தில் இருந்தவை வேறு. பிழையாகத் தேய்த்துவிட்டேனோ என்று இன்னொரு கடுதாசி எடுத்துத் தேய்த்தேன். மூன்றாவதும் எடுத்தேன். மூன்றும் ஒன்றையே காட்டின.

பத்திரங்களோடு மாமா அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தார். கூப்பிட்டேன்.

"அண்ணை, உது புத்தகத்திலை கிடக்கிற நம்பர் இல்லையே."

அவர் கேற்றைச் சாத்திவிட்டு வந்தார். "உதை ஏன் பிள்ளை போய்த் தேய்ச்சனீ? என்னட்டைப் பழைய அச்சு கிடக்குதெல்லே."

"எஞ்சின் மாறியிருக்கு."

"தண்ணி இல்லாமல் ஓடி இறுகிப்போச்சு. கொழும்பிலை ஒண்டு எடுத்துப் பூட்டினனான். ஓடுதுதானே?"

"அப்ப உந்தச் சிவப்பு?"

"பெயின்ற்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெடியனுக்குச் சொல்லிப்போடாதை. ஆசையாய் வாங்கினவன், மனம் உடைஞ்சுபோவான்."

"ஆரும் கண்டுபிடிச்சால்?"

"ஆர் பிள்ளை உதுக்குள்ளை குனிஞ்சு பாக்கப்போகினம்?"

தன் கோப்பிலிருந்து பழைய எஞ்சினின் அச்சை எடுத்துத் தந்தார். நான் அதை விண்ணப்பத்தில் ஒட்டினேன். என் மூன்று கடுதாசிகளையும் அடுப்பில் போட்டேன். கண்டதை எழுது, காண விரும்பியதை எழுதாதே என்று என் மாணவிகளின் செய்முறைக் கொப்பியில் சிவப்பு மையால் எத்தனை தரம் எழுதியிருப்பேன். பரிசோதனையில் அளவி வாசிப்பைத் திருத்தி எழுதியதற்காக ஒரு பிள்ளையை அழ வைத்தும் இருக்கிறேன். அதே ஆள்தான் கண்ட எண்ணை எரித்துவிட்டுக் காணாத எண்ணை ஒட்டினேன்.

ஏன் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டேன். அதில் ஒன்று மட்டும் உண்மை. நாங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எல்லாரும் சைக்கிளில் அரிசியும் பாத்திரமும் கட்டிக்கொண்டு போனார்கள். மாமா தன் சைக்கிளில் என் புத்தகங்களையும் சான்றிதழ்களையும் ஓர் உரப்பையில் போட்டுக் கட்டினார். மழை வந்தபோது தன் சட்டையைக் கழற்றி அதற்கு மேல் போட்டார். தன்னுடையது என்று ஒன்றும் எடுக்கவில்லை. நான் பல்கலைக்கழகம் போனது அந்த உரப்பையால்தான். அப்படிப்பட்டவரைப் பார்த்து, நீ மருமகனை ஏமாற்றிவிட்டாய் என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. இதைச் சொல்வது என்னை நியாயப்படுத்த இல்லை. யாரிடம் நாங்கள் மிகவும் நன்றியோடு இருக்கிறோமோ அவர்களுடைய விஷயத்தில்தான் எங்கள் கண் முதலில் மங்குகிறது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இனி நீயும் ஒரு குடும்பத்துக்குள் போகிறாய். உனக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பார்.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. மாமா சொன்னது சரி என்றே நினைத்திருந்தேன். பிறகு நீ எஞ்சினின் பெல்ட் மாற்றுவதற்குக் காரைக் கொழும்புத்துறையில் யூட்டின் கராஜில் விட்டாய். உயர்தரம் படிக்கிற காலத்திலிருந்து உன் மோட்டார் சைக்கிளைத் திருத்தியவர். யூட் அண்ணை, யூட் அண்ணை என்று உன் வாய் ஓயாது. அவர் குனிந்து பார்த்தார். மாமா எண்ணாத ஒன்று அது. தன் வேலையைச் செய்கிறவன் குனிந்துதான் பார்ப்பான். "தம்பி, உது உந்தக் காரின்ரை எஞ்சின் இல்லை. புத்தகத்தைக் கொண்டா பாப்பம்" என்று உனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். யோசித்துப் பார், எஞ்சினைத் திருடியவன் அதைத் தானே கூப்பிட்டுக் காட்டுவானா? இந்தக் கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டும். நீ கேட்காததற்கும் காரணம் நான்.

மறுநாள் இணுவில் கோயிலில் தேர்த் திருவிழா. மாமா வீட்டில் மதியச் சாப்பாடு. நீ வந்ததும் வராததுமாக எல்லோருக்கும் கேட்கும்படி யூட் சொன்னதைச் சொன்னாய். மாமா பருப்பைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தார். அவருடைய கை அப்படியே நின்றதை நான் பார்த்தேன். மாமிதான் முதலில் பேசினார்.

"ஆர் தம்பி உந்த மெக்கானிக்?"

"யூட் அண்ணை. கொழும்புத்துறையிலை கராஜ் வைச்சிருக்கிறார்."

"சொந்த ஊர்?"

"குருநகர்."

"குருநகரிலை எவடம்?"

நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: "மாமி, அவர் கார் திருத்திறவர். நான் அவருக்குக் கலியாணம் பேச வரேல்லை." எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் விறாந்தையின் மூலையிலிருந்து யாரோ "ஓ..." என்றார்கள். அவ்வளவுதான்.

எவடம் என்றால் எந்த இடம் என்பதுதான் பொருள். ஆனால் ஒருவர் ஊரைச் சொன்ன பிறகும் எவடம் என்று கேட்டால், கேட்பது இடத்தை இல்லை என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லால் ஓர் ஆளின் பூர்வீகம் முழுவதையும் கிளறிவிடலாம். பெரிய பாவமில்லாத, வாய்க்குச் சுகமான சொல். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அருவருப்பு என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கும் அருவருத்தேன். அருவருத்துக்கொண்டே, மாமாவின் நின்றுபோன கையைப் பார்த்துக்கொண்டே, தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னேன்:

"நான் இன்சூரன்ஸ் எடுக்கேக்கை நம்பரெல்லாம் சரியாய்த்தானே இருந்தது."

சொற்களைத் தெரிந்தெடுத்துச் சொன்னேன் மகன். கடுதாசியில் எண்கள் சரியாகத்தான் இருந்தன. பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த வாக்கியத்துக்கு அந்த விறாந்தையில் ஒரேயொரு அர்த்தம்தான் இருந்தது. மாமி, "பின்னை என்ன, ரீச்சர் பாத்தால் பிழைக்காது" என்றார். ஆம், பிழைக்காது. சந்தைக்குப் போனால் தராசைச் சந்தேகிப்பவள், பத்திரிகையில் வந்ததைக் கூட இரண்டு தரம் விசாரிப்பவள் என்று எனக்கு இருந்த பெயர் அன்றைக்கு யூட்டுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. மாமாவின் கை திரும்பவும் சோற்றைப் பிசையத் தொடங்கியது.

இதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். யூட் எங்கள் இணுவிலில் பிறந்திருந்தால் அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருந்தாலும் ஒருவரும் அப்படி உடனே நம்பியிருக்க மாட்டார்கள். "அந்தப் பெடியன் ஏன் அப்பிடிச் செய்யப்போறான்?" என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். மாமி திறந்து வைத்த கதவால் நுழைந்தவள் நான். கதவைத் திறந்ததற்காக இவ்வளவு நாளும் மாமியைத்தான் மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ நேராகக் கராஜுக்குப் போனாய். அங்கே வாகனம் விட வந்தவர்கள் நின்றார்கள். அம்மா பார்த்தபோது நம்பர் சரியாக இருந்தது, நல்ல எஞ்சினை நீங்கள்தான் மாற்றி எடுத்தீர்களா என்று அவர்களுக்கு முன்னால் கேட்டாய். யூட், "தம்பி, நீ என்னைக் கேக்கிறியோ, எனக்குச் சொல்லுறியோ?" என்றாராம். நீ, "சொல்லுறன்" என்றாயாம். இதை நீயே வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாய். நான் உனக்குச் சோறு போட்டேன். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் ஒரு நாளோடு முடிந்திருக்கும். பிறகு எங்கள் பக்கத்திலிருந்து அவரிடம் யாரும் வாகனம் கொண்டு போகவில்லை. சில மாதத்தில் கராஜின் பெயர்ப்பலகை இறங்கியது. இப்போது அவர் கரையோரத்தில் ஒரு கொட்டிலில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைத் திருத்துகிறார். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. கலியாணச் செலவுக்காகக் காரை விற்க நீ முடிவு செய்து, எண் பொருந்தவில்லை என்று வாங்குபவர் பின்வாங்கி, "மெக்கானிக் களவெடுத்தான் எண்டு பொலிசிலை ஒரு என்றி போடு, எல்லாம் சரிவரும்" என்று மாமா உனக்கு வழி சொல்லும்வரை நான் அசையவில்லை. பொலிஸ் என்ற சொல் வந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. வெட்கம் அதற்கும் பிறகுதான் வந்தது. அந்த வரிசையையும் நீ அறிந்திரு.

உன்னோடு பேசிய மறுநாள் காலை யூட்டைப் பார்க்கப் போனேன். படகு எஞ்சின் ஒன்றை மரச் சட்டத்தில் ஏற்றி வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, முகம் மலர்ந்து, "வாங்கோ ரீச்சர். தம்பியின்ரை கலியாணக் காட்டோ?" என்றார்.

என் கையில் அழைப்பிதழ் இருக்கவில்லை. நீ தந்த பட்டியலில் அவர் பெயரும் இருக்கவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தரம் தேய்த்ததை, எரித்ததை, விறாந்தையில் சொன்னதை. அவர் திருகாணி ஒன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "உங்கடை அண்ணை செய்திருப்பார் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "எஞ்சினைப் பிடிச்சிருக்கிற போல்ட்டெல்லாம் வருசக்கணக்கான துரு. நான் அப்ப மாத்தினதெண்டால் துருவையும் நானே பூசினனான்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"நீங்கள் தெரியாமல் சொல்லிப்போட்டியள் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன் ரீச்சர். வீட்டிலையும் அப்பிடித்தான் சொன்னனான். ரீச்சருக்குத் தமையன் சொல்லியிருக்க மாட்டார், அவ பாவம் எண்டு. அதாலை உங்களிலை எனக்குக் கோவம் வரேல்லை." திருகாணியைக் கீழே வைத்தார். "இப்பதான் வருது."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "மன்னிப்பை நான் என்ன செய்யிறது? எங்கை சொன்னியளோ அங்கை போய்ச் சொல்லுங்கோ." உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றபோது தலையை அசைத்தார். "கூட்டி வராதேங்கோ. அவனா வந்தால் வரட்டும்." பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சினுக்குள் குனிந்தார். நான் வந்த வழியே திரும்பினேன். உண்மையைச் சொன்னால் மனப் பாரம் இறங்கும் என்று உனக்கு நான் சொல்லித் தந்திருக்கிறேன். என் அனுபவத்தில் அப்படி இல்லை. நல்லவள் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்த ஒரு வீடு குறைந்துவிட்டது. அது நியாயம்தான்.

அங்கிருந்து நேரே இணுவிலுக்குப் போனேன். மாமா கோபத்தில் எழும்பி நின்றார். "உவன் ஒருத்தனுக்காகவோ என்னை ஊருக்கு முன்னாலை நிக்க வைக்கப் போறாய்?"

"அவரை நிக்க வைச்சது நாங்கள்தானே அண்ணை."

"உன்ரை புத்தகமெல்லாம் ஆர் சுமந்தது எண்டு மறந்துபோனியோ?"

"மறக்கேல்லை. அதாலைதான் இவ்வளவு நாள் சும்மா இருந்தனான்."

மாமி உள்ளிருந்து வந்து மாமாவை மட்டும் பார்த்தபடி, "அண்டைக்கு எனக்காவது சொல்லியிருக்கலாமே" என்றார். நான் படி இறங்கும்போது, தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்குக்குத் தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று மாமா பின்னாலிருந்து சொன்னார். தாய்மாமன் இல்லாமல் உன் சடங்கு நடக்கலாம். அந்த வெற்றிடத்துக்குக் காரணம் கேட்பவர்களுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு. அவரை வெறுக்காதே. அவர் உன்னை ஏமாற்றியது ஒரு தரம். நான் அதைக் காத்தது மூன்று வருடம்.

யூட்டிடம் போ என்று உனக்கு நான் சொல்லப்போவதில்லை. அந்த உரிமை எனக்கு இல்லாமல் போய்விட்டது. அழைப்பிதழ் யாருக்கு என்பதும் உன் விஷயம். காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இனிச் சண்டிலிப்பாயிலிருந்து அதை வாங்கப் பார்க்க வரும் பையனுக்கு, அவன் கேட்கும் முன்பே போனட்டைத் திற. மேல்மூடியைக் காட்டாதே. அடிக்கட்டையில் உள்ள எண்ணைத் துடைத்து, கடுதாசியையும் பென்சிலையும் அவன் கையிலேயே கொடு. புத்தகத்தோடு அவனே ஒப்பிடட்டும். இது என்ன எஞ்சின் என்று கேட்டால், சாதாரண எஞ்சின் என்று சொல். யார் மாற்றியது என்றால், என் மாமா என்று சொல். வேறு யாருக்குத் தெரியும் என்றால், என் அம்மாவுக்கு என்று சொல். தெரிந்தும் ஏன் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டால் நீ பதில் சொல்லாதே. அவனை வீட்டுக்குக் கூட்டி வா. நான் சொல்கிறேன்.

அம்மா